யாங்கோன் பகோடாக்களைப் பார்க்க வருவோருக்கு: விசா முதல் செருப்பு வரை

தமிழ்நாட்டிலிருந்து என் அத்தையும் அவருடைய குடும்பத்தாரும் மியான்மரில் உள்ள யாங்கோனுக்கு வந்திருந்தபோது, நான்கு நாட்கள் அவர்களைப் பகோடா பகோடாவாக அழைத்துச் சென்றேன். இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பில் எதையும் முன்கூட்டி விசாரிக்கவில்லை. அதன் பலனாக முதல் இரவே தங்குவதற்கு இடம் இல்லாமல் அலைந்தோம். மறுநாள் ஒரு சீட்டுச் சாளரத்தில் என்னையே வெளிநாட்டவன் என்று நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் செருப்பில்லாமல் தார்ச்சாலையில் நடந்தோம். இவற்றுள் எதுவும் தவிர்க்க முடியாததன்று. உறவினரைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வருவோரும், அவர்களை வரவேற்கும் நம்மவரும், மோலமியைனிலிருந்தோ பகோவிலிருந்தோ முதன்முறையாக நகருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களும் அதே அவதியைப் படவேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்தத் தலைநகர் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நம் ஊர்ப் பெரியவர்கள் யாங்கோனைப் பழைய பெயரால் ரங்கூன் என்று சொல்லி, இன்னும் அதையே தலைநகர் என்கிறார்கள். அரசின் தலைநகர் இப்போது சுமார் 320 கிலோமீட்டர் வடக்கே உள்ள நேப்பிடா. யாங்கோனின் பெரிய பகோடாவான ஷ்வேடகோனைப் பார்த்துக் கட்டிய உப்பாதசந்தி பகோடா அங்கே இருக்கிறது. உயரத்தில் மூலத்தைவிட ஓர் அடிதான் குறைவு, உள்ளே கூடமாக இருப்பதால் நுழைந்து நடக்கலாம். இதற்காக மட்டும் அத்தனை தூரம் போகவேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அந்நகரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. போவதாக இருந்தால் பகோடாவின் நிலையையும் சாலையின் நிலையையும் கேட்டறிந்த பிறகே புறப்படுங்கள். இனி இக்கட்டுரை பழைய தலைநகரான யாங்கோனையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியது.

2. விசா: பெயரில்தான் சிக்கல் வரும்

சுற்றுலா மின்விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 50 அமெரிக்க டாலர்; அனுமதிக் கடிதம் 90 நாட்களுக்குச் செல்லும்; அதைக் கொண்டு உள்ளே வந்தபின் 28 நாட்கள் தங்கலாம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விண்ணப்பம் தள்ளப்பட்டாலும் பணம் திரும்பாது என்பதால், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்ப்பது நல்லது.

நம்மவர்களுக்குப் பெயரில்தான் தவறு நேர்கிறது. வீட்டில் முதலெழுத்தோடு எழுதும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயரும் விரிந்து வேறு வடிவில் இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். என் அத்தை மகன் பழக்கதோஷத்தால் முதலெழுத்தை இட்டு அனுப்பிவிட்டு, மீண்டும் பணம் கட்டி விண்ணப்பித்தான். கடவுச்சீட்டில் அச்சாகியிருப்பதையே, அதே வரிசையில் எழுதுங்கள். போலியான விசா இணையதளங்களும் உள்ளன. 50 டாலருக்கு மேல் 'சேவைக் கட்டணம்' கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும். அனுமதிக் கடிதத்தை இரண்டு படிகள் அச்சிட்டு எடுத்துவாருங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும் நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

3. தங்கும் இடத்தைப் புறப்படும் முன்பே உறுதிசெய்யுங்கள்

இதுதான் நான் செய்த பெரிய தவறு. சொந்த மருமகன் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்று அத்தை கேட்டார், நானும் தலையாட்டினேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவர் நம் வீட்டில் இரவு தங்குவது இந்த நாட்டில் எளிதான காரியமன்று. வெளிநாட்டவரை ஏற்பதற்கு உரிமம் பெற்ற விடுதியில்தான் அவர்கள் தங்க வேண்டும் என்பது நடைமுறை. உள்நாட்டு விருந்தினராக இருந்தாலும், இரவு தங்கினால் வட்டார நிர்வாகியிடம் விருந்தினர் பட்டியலில் பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு பதியாத வீட்டுக்காரர்மீதே நடவடிக்கை வரும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு இரவில் வந்து பட்டியலைச் சரிபார்ப்பதும் நடக்கிறது. எனவே மோலமியைனிலிருந்து வரும் உங்கள் சித்தப்பாவுக்கும் பதிவு தேவை. அவருடைய அடையாள அட்டையின் நகலோடு மாலைக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

விடுதியைத் தேர்வதிலும் ஒரு கண்ணி உண்டு. மலிவான விடுதிகள் பல உள்நாட்டவருக்கு மட்டுமே உரிமம் பெற்றவை. இணையத்தில் முன்பதிவு ஏற்கப்பட்டிருந்தும், கடவுச்சீட்டைப் பார்த்ததும் ஓரிடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டிகளோடு இரவு ஒன்பது மணிக்கு வேறிடம் தேடினோம். தொலைபேசியில் அழைத்து, 'இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை ஏற்பீர்களா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அனோரதா சாலையில் காளி கோயிலையோ வரதராஜப் பெருமாள் கோயிலையோ ஒட்டிய பகுதியில் இடம் கிடைத்தால் நல்லது. சைவச் சாப்பாடு நடை தூரத்தில் கிடைக்கும், சூலே பகோடாவுக்கும் நடந்தே போகலாம். ஊரடங்கு நேரம் அவ்வப்போது மாறும் ஆதலால், இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை வந்த அன்றே விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பணம்

டாலர் தாள்கள் புதியனவாக, மடிப்பும் பேனாக் கீறலும் இல்லாதனவாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தாலே மறுப்பார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள். ஆகவே பணப்பையில் வைக்காமல் ஒரு புத்தகத்துக்குள் தட்டையாக வைத்து எடுத்துவருவதே முறை. அட்டைகளை நம்பி வரவேண்டாம். உள்நாட்டுப் பணத்தை எழுத்தில் கியாட் என்றாலும் பேச்சில் 'சாட்' என்றே சொல்வார்கள். 2022 ஆகஸ்டில் அரசு ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயித்தது. சந்தை விலை அதைவிட வெகுவாக உயர்ந்துவிட்டது. இந்த இடைவெளியைக் காட்டித் தெருவில் நின்று கூப்பிடுவோரிடம் மாற்றாதீர்கள்: எண்ணித் தரும்போது தாள் குறையும், அதோடு சட்டப்படியும் தவறு. உரிமம் பெற்ற மாற்றுநிலையத்தில், இரண்டு மூன்று இடங்களில் கேட்டபின் மாற்றுங்கள். காணிக்கைக்கும் செருப்புக் காவலுக்கும் படகுக்கும் சிறு தாள்கள் தேவைப்படும். 200, 500, 1,000 கியாட் தாள்களாகக் கேட்டு வாங்கிக்கொள்வது உதவும்.

5. யாருக்கு எந்தச் சாளரம்: அடையாள அட்டையை மறவாதீர்கள்

பெரிய பகோடாக்களில் உள்நாட்டவருக்குக் கட்டணம் இல்லை, வெளிநாட்டவருக்கு உண்டு. ஷ்வேடகோனில் வெளிநாட்டவர் கட்டணம் பல காலம் 10,000 கியாட்டாக இருந்தது. பணமதிப்பு விழ விழ இதுவும் மாறும் ஆதலால், சாளரத்தில் மாட்டியிருக்கும் பலகையில் உள்ள தொகையை மட்டுமே கொடுங்கள். சூலேயிலும் போட்டதாங்கிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு.

இந்நாட்டுத் தமிழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலு தலைமுறையாக இங்கே இருந்தாலும், நம் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாளரத்தில் இருப்பவர் வெளிநாட்டவர் சீட்டையே நீட்டுவார். அத்தை குடும்பத்தோடு நிற்கையில் அது இன்னும் உறுதி. ஒரு பகோடாவின் வாசலில் நான் பர்மிய மொழியில் எவ்வளவு பேசியும் பயனில்லாமல் போயிற்று. அட்டை வீட்டில் இருந்தது. பேச்சுத்திறனை நம்பாமல் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். இளஞ்சிவப்போ நீலமோ பச்சையோ, உங்களிடம் உள்ள அட்டையின் மூலத்தையே வைத்திருங்கள், நகல் போதாது. நகரத்துக்கு வெளியே போகும் சாலைச் சோதனைகளிலும் அதுவே கேட்கப்படும். வாசலில் கோபப்படுவதில் பயன் இல்லை. நானும் பட்டுப் பார்த்துவிட்டேன்.

வெளிநாட்டவருக்குச் சீட்டோடு சட்டையில் ஒட்டும் சிறு வில்லை தருவார்கள். அதைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தால் அன்றே மறுமுறை கேட்கும்போது காட்டலாம். கட்டணப் பலகைகளிலும் பேருந்துகளிலும் பர்மிய எண்களே பெரிதாக இருக்கும்; பத்து எண்களையும் ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம், அது பெரிய உதவி.

6. உடையும் செருப்பும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவார்கள். நம்மவர்க்கு உரிய பிழைகள் வேறு. முதலாவது, லுங்கி. ஊரில் அது வீட்டு உடை. கோயிலுக்குக் கட்டிச் செல்வதை மாமா அவமானமாக நினைத்தார். இங்கோ அதுவே கோயிலுக்கும் திருமணத்துக்கும் உரிய உடை. வேட்டி கட்டினாலும் குற்றமில்லை. ஆனால் லுங்கியையோ வேட்டியையோ முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டக்கூடாது. இரண்டாவது, சில கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றும் நம் வழக்கம் இங்கே இல்லை. சட்டை உடம்பில் இருக்க வேண்டும். பெண்களுக்குச் சேலையும் சுடிதாரும் எல்லா இடத்திலும் ஏற்கப்படும். புத்தர் உருவம் அச்சிட்ட சட்டையோ, உடம்பில் தெரியும்படி புத்தர் உருவம் பச்சை குத்தியதோ இருந்தால் அது வேறு விதமான ஆபத்து. இந்நாட்டில் சமய அவமதிப்புச் சட்டம் வெறும் எழுத்தன்று: 2015இல் புத்தர் படத்தை மதுக்கூட விளம்பரத்துக்குப் பயன்படுத்திய ஒருவருக்கு யாங்கோனில் இரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது, 2016இல் மண்டலேயில் இரவுப் பிரசங்கத்தின் ஒலிபெருக்கி இணைப்பைப் பிடுங்கிய பயணி ஒருவருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது.

செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும். படிக்கட்டின் முதற்படியிலேயே கழற்ற வேண்டும். ஒரு துணிப்பையை எடுத்துச் சென்று செருப்பைக் கையோடு வைத்துக்கொள்வதே என் அறிவுரை. ஷ்வேடகோனுக்கு நான்கு திசையிலும் வாசல் உண்டு. நாங்கள் தெற்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மேலே சுற்றிய மயக்கத்தில் கிழக்குப் படியில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து மலையைச் சுற்றி வெறுங்காலோடு, பகல் பதினொரு மணிக்கு நடந்ததை அத்தை இன்றுவரை தொலைபேசியில் நினைவூட்டுகிறார்.

7. ஷ்வேடகோன்: கிழமையைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

ஒரு பகோடாவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதுவே. 99 மீட்டர் உயரம். நகரத்தின் எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். விடியற்காலையில் திறப்பார்கள். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பின்போ போங்கள். நடுப்பகலில் பளிங்குத் தளம் சுடும். மாலையில் போய், வெயில் தணிந்து விளக்கேற்றும்வரை இருப்பதே சிறப்பு. முதியவர் இருந்தால் மின்தூக்கி உள்ள வாசலிலோ, நகரும் படிக்கட்டு உள்ள மேற்கு வாசலிலோ வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். முழுதாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேலே வந்ததும் நம் கோயிலைப் போலவே வலமாகச் சுற்ற வேண்டும். நம்மவர்களுக்கு உடனே பிடித்துப்போவது கிழமைச் சன்னிதிகள். பிறந்த கிழமைக்கு ஏற்ப ஓர் இடத்தில் புத்தருக்கு நீர் வார்த்து வணங்குவார்கள். கிழமை ஏழானாலும் புதனை இரண்டாகப் பிரித்து, பிற்பகலில் பிறந்தவரை ராகுவுக்கு உரியவர் என்பதால் இடம் எட்டு. ஞாயிறு வடகிழக்கு, கருடன். திங்கள் கிழக்கு, புலி. செவ்வாய் தென்கிழக்கு, சிங்கம். புதன் முற்பகல் தெற்கு, தந்தமுள்ள யானை. வியாழன் மேற்கு, எலி. வெள்ளி வடக்கு, கினிப்பன்றி. சனி தென்மேற்கு, நாகம். ராகு வடமேற்கு, தந்தமில்லா யானை.

இங்கே எங்கள் குடும்பம் நின்றது வேடிக்கை. ஆளுக்கு ஆள் நட்சத்திரம், ராசி, பாதம்வரை சொன்னார்கள். பிறந்த கிழமை ஒருவருக்கும் தெரியவில்லை. தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்றால் அங்கே இணையம் இல்லை. புறப்படும் முன்பே ஜாதகத்தைப் பார்த்துக் கிழமையையும், புதன்கிழமையானால் நேரத்தையும் குறித்து எடுத்துவாருங்கள். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும் ஆகையால், பின்னிரவில் பிறந்தவருக்கு ஜாதகக் கிழமையும் நாட்காட்டிக் கிழமையும் ஒன்றாக இராது. அத்தை அதற்குத் தீர்வாக இரண்டு இடத்திலும் நீர் வார்த்தார்.

தேங்காய் உடைப்பதும் கற்பூரம் காட்டுவதும் இங்கே இல்லை. பச்சைத் தேங்காயை வாழைப்பழச் சீப்புகளோடு தட்டில் வைத்து முழுதாகவே படைப்பார்கள். மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் அதற்கென உள்ள இடத்தில் மட்டும். அர்ச்சனைச் சீட்டு கிடையாது, பிரசாதம் கிடையாது. யாராவது கையைப் பிடித்துச் சன்னிதிக்கு அழைத்துப்போய் மந்திரம் சொல்லிப் பணம் கேட்டால், அவர் பகோடாவைச் சேர்ந்தவர் அல்லர். உட்காரும்போது பாதங்கள் புத்தரை நோக்கி நீளாதபடி மடக்கி உட்காருங்கள். பெண்கள் மேல்தளத்துக்கு ஏற முடியாது. அறிவிப்பைப் பார்த்து அங்கேயே நின்றுவிட வேண்டும். பிக்குவைப் பெண்கள் தொடக்கூடாது. பொருள் கொடுப்பதானாலும் தரையில் விரித்த துணியிலோ தட்டிலோ வைப்பார்கள்.

8. நகருக்குள் மற்றவை: ஒன்றரை நாள்

சூலே பகோடா நகரின் நட்டநடுவில், வண்டிகள் சுற்றிவரும் திடலில் இருக்கிறது. அரை மணி நேரம் போதும். அங்கிருந்து ஆற்றங்கரைப் பக்கம் போட்டதாங் பகோடாவுக்கு டாக்சியில் போகலாம். 1943இல் குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு உள்ளே வெற்றிடமாகக் கட்டப்பட்டதால், பொன் தகடு வேய்ந்த குறுகிய வழிகளுக்குள் நடந்து புத்தரின் முடியான கேச தாதுவைத் தரிசிக்கலாம். பக்கத்திலேயே போபோஜி என்னும் 'நாட்', அதாவது காவல் தெய்வம், இருக்கிறார். மக்கள் அவர் கையில் பணத்தை வைத்து, விரலில் நெற்றியை ஒற்றி வேண்டிக்கொள்வார்கள். நம் கருப்பசாமி சன்னிதியில் நிற்பதுபோலவே அத்தைக்கு இருந்ததாம். வைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரப்படுத்துவதும் வழக்கம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள்.

மறுநாள் காலை யாங்கோனின் பஹான் பகுதியில் சௌதாஜி. சுமார் 65 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர். பாதங்களில் 108 குறிகள். எதிர்ப்புறம் சிறிது நடந்தால் ஙாதாஜியின் அமர்ந்த புத்தர். அங்கே கூட்டமே இராது, எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். பிறகு கபா ஏ பகோடாவும், 1954 முதல் 1956வரை ஆறாம் பௌத்த சங்கம் கூடிய மகாபாசாணக் குகையும். நேரமிருந்தால் இன்சேன் பக்கம் ஒற்றை வெண்பளிங்கில் செதுக்கிய புத்தர். இவற்றைத் தனித்தனி டாக்சியில் போனால் செலவு ஏறும்; ஒரே வண்டியை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். பகோடாப் பெயர்களில் வரும் Kyaik என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'க்யைக்' என்று படித்தால் ஓட்டுநருக்குப் புரியாது, அது 'சைக்' என்று ஒலிக்கும். பர்மிய எழுத்தில் எழுதிய பட்டியல் ஒன்றை விடுதியில் வாங்கிக் கையில் வைத்திருப்பது நலம்.

9. ஆற்றுக்கு அப்பால்: தன்லினும் சௌக்தானும்

காலை ஏழுக்குப் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பலாம். தன்லின் பாலம் கடந்து, குன்றின்மேல் சைக்கோக் பகோடா. அதன் பின் சௌக்தானில் ஓடையின் நடுவே தீவிலுள்ள யே லே பகோடா. அங்கே படகில்தான் போக வேண்டும். வெளிநாட்டவருக்குப் படகும் கட்டணமும் தனி. எனவே உங்கள் குடும்பம் இரண்டு படகாகப் பிரியும். குழந்தைகள் எந்தக் கடவுச்சீட்டில் இருக்கிறார்களோ அந்தப் படகு என்று முன்பே பேசி வையுங்கள், துறையில் அழுகை நேராது. மீனுக்குப் பொரி வாங்கிப் போடலாம். கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பகோ, பெரியவர்கள் வாயில் பெகு, சுமார் 80 கிலோமீட்டர். 114 மீட்டர் உயர ஷ்வேமோடோவும் 55 மீட்டர் பள்ளிகொண்ட ஷ்வேதாலியாங்கும் அங்கே. விடியலில் கிளம்பி இருட்டுமுன் திரும்ப முடிந்தால் மட்டும் போங்கள். பொற்பாறையான சைத்தியோவைப் பலரும் கேட்பார்கள். அது ஒரே நாளில் முடியாது, பாறையில் பொன் தகடு ஒட்டவும் பெண்களுக்கு அனுமதி இல்லை. சாலைநிலை தெளிவாகத் தெரியாமல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவரை அங்கே நான் அழைத்துச் செல்லமாட்டேன்.

10. எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஏற்றது. மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர்வரை மழை. ஈரப் பளிங்கில் வெறுங்காலோடு வழுக்கி விழுவது முதியவர்க்கு உண்மையான அபாயம். பௌர்ணமி நாட்களில் பகோடாக்கள் மிக அழகு, மிகக் கூட்டம். தாடிஞ்யுட், தசாங்டைங் என்னும் விளக்குத் திருவிழாப் பௌர்ணமிகளில் விளக்கைப் பார்க்க வேண்டுமானால் விடுதியை இரண்டு மாதம் முன்பே பிடிக்க வேண்டும். சித்திரைப் பிறப்புக்கு உறவினர் வீட்டில் இருக்கலாம் என்று ஏப்ரல் நடுவில் வருவோர் பலர். அது திஞ்ஜான் நீர்த்திருவிழாவின் நாட்கள்: அலுவலகமும் பணமாற்று நிலையமும் மூடியிருக்கும், டாக்சி இரட்டிப்பு கேட்கும், தெருவில் இறங்கினால் கடவுச்சீட்டுவரை நனையும். அப்போதுதான் வரமுடியும் என்றால், பணத்தை ஏப்ரல் 11க்குள் மாற்றிவிட்டு, தாள்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பகோடாவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள். தண்ணீர்க்காரர்கள் அந்நேரத்தில் எழுந்திருக்க மாட்டார்கள், தளமும் குளிர்ந்திருக்கும்.